களனி முகத்துவாரத்தில் ஐந்து வாரங்கள்

மீன் பிடிப்பதைப் பற்றி எழுதுவதற்குத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி உண்டு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். என் தகுதி மிகச் சிறியது. ஐந்து வார காலம், ஒரு மூங்கில் தடி, மட்டக்குளிப் பாலத்திலிருந்து கடல்வாய் வரையுள்ள சிறு தூரத்து ஆறு: இவ்வளவே. அங்கே நான் பிடித்த மீன்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. ஆயினும், ஏழாண்டு ஆசிரியத் தொழிலில் எனக்குப் பிடிபடாத ஒன்று அந்தக் கரையிலே பிடிபட்டது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

2022ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி கொழும்பு நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. நாட்டில் பெற்றோல் இல்லை. பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஏற்றிச் செல்ல வாகனம் இல்லை. ஒரு வாரம் என்று தொடங்கிய விடுமுறை ஜூலை 25 வரை நீண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. கப்பல்களில் வந்த பொருட்கள் டொலர் இன்றித் துறைமுகத்தில் கிடந்தன. எரிவாயுச் சிலிண்டர்கள் தெருவோரம் வரிசையாய் நின்றன. அவற்றின் பக்கத்தில் மனிதர்கள் இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். என் சம்பளத்தின் தொகை மாறவில்லை. அது வாங்கித் தந்த அரிசியின் அளவுதான் மாதந்தோறும் குறைந்தது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக உயர்ந்தது. அதாவது, முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. இந்தப் புள்ளிவிபரத்தை நான் பின்னர்தான் படித்தேன். என் மனைவியோ அதை மே மாதமே அறிந்திருந்தாள்.

நாங்கள் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வாடகை வீட்டில் வசித்தோம். நான் படிப்பிப்பது கொட்டாஞ்சேனையில். பஸ் அருகியபோது, மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற லிகிதர் தமது பழைய சைக்கிளை எனக்குத் தந்தார். பாடசாலை மூடியபின் அந்தச் சைக்கிளில் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. நான் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பு. வாவிக்கரையில் என் தகப்பனார் கற்பித்த தூண்டிற் கலை கைமறந்து போயிருக்காது என்று நம்பினேன். பொழுதும் போகும், கறிக்கும் ஆகும். ஒரு காலைப்பொழுது மூங்கில் தடியைச் சைக்கிளின் சட்டத்தோடு கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

காலி வீதியில் அன்று வாகன இரைச்சல் இல்லை. கடலின் ஓசை வீதிக்குக் கேட்டது. எங்கள் வெள்ளவத்தைக்கு ஒரு தொழிலாளர் வரலாறு உண்டு என்பதை இப்பொழுது பலர் மறந்துவிட்டனர். இங்கிருந்த நூற்பு நெசவு ஆலையில் 1933ஆம் ஆண்டு தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் அவர்களோடு நின்றனர். அடுத்த ஈராண்டில் இடதுசாரிக் கட்சி தோன்றுவதற்கு அப்போராட்டம் ஒரு பாலபாடமாயிற்று. ஆலை இருந்த நிலத்தில் இன்று உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. காலிமுகத்திடலை நான் கடந்தபோது அங்கே கூடாரங்கள் நின்றன. ஏப்ரல் 9ஆம் திகதி முதல் இளைஞர்கள் அங்கே தங்கி, ஜனாதிபதி பதவி விலகவேண்டும் என்று கோரிக்கொண்டிருந்தனர். அவர்களுக்குக் கையசைத்துவிட்டு, கோட்டை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் என்று மிதித்து மட்டக்குளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

களனி கங்கை சிவனொளிபாதமலைத் தொடரிலே பிறந்து, 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கும் ஹேந்தலைக்கும் இடையே கடலில் விழுகிறது. மலையிலே தேயிலைத் தோட்டங்களின் காலடியைக் கழுவி வரும் நீர் அது. வழியிலே மின்சாரம் தருகிறது. அம்பத்தலையில் கொழும்பு மக்களின் குடிநீர் ஆகிறது. அதன்பின் தொழிற்சாலைகளின் கழிவையும் சேரிகளின் அழுக்கையும் ஏற்றுக்கொண்டு, முகத்துவாரத்துக்கு வரும்போது களைத்த கூலியாள் போல மெல்ல நடக்கிறது. 2015இல் ஒரு தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து இந்த ஆற்றில் கலந்தபோது நகரத்தின் குடிநீர் விநியோகமே நின்றது. ஆறு என்பது யாருடையது என்ற கேள்வியை அன்று சிலராவது கேட்டிருப்பார்கள்.

நான் போனது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். மலையில் பெய்த மழை ஆற்றைச் செந்நிறமாக்கியிருந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் இல்லாததால் முகத்துவாரத்து வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. வள்ளக்காரர்களும், வேலையிழந்த கூலிகளும், என்னைப்போன்ற புதியவர்களும் ஆற்றங்கரையில் வரிசையாய்க் குந்தியிருந்தனர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தனர். பசி அவர்களை ஒரே கரையில் அமர்த்தியிருந்தது. எரிபொருள் வரிசையில் சண்டையிட்டவர்கள்கூட இங்கே ஒருவர் நூலில் மற்றவர் நூல் சிக்கினால் பொறுமையாய்ச் சிக்கெடுத்துக் கொடுத்தனர்.

முதல் மூன்று நாட்களும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. வாவி வேறு, ஆறு வேறு என்று அப்பொழுதுதான் அறிந்தேன். வாவியில் நீர் நிற்கும், இரை தங்கும், மீன் வந்து ஆராயும். இங்கேயோ ஆறு கீழே தள்ள, கடல் மேலே தள்ள, இரண்டுக்கும் இடையில் என் தக்கை பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. வீட்டிலிருந்து கொண்டுபோன பாண் துண்டைப் பிசைந்து முள்ளிற் குத்திப் போட்டேன். அது கரைந்து போயிற்று, மறுபடியும் போட்டேன்.

நான்காம் நாள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“சேர், பாண் போட்டா குஞ்சு மீன்தான் வந்து கொத்தும். அதோட, பாண் விக்கிற வெலையில மீனுக்கு எதுக்கு சேர் பாண்?”

திரும்பிப் பார்த்தேன். பத்தாந் தரத்தில், என் வகுப்பில், கடைசி வாங்கில் உட்காரும் மாணவன். உட்காரும் என்று எழுதுவது சரியன்று, உட்கார வேண்டியவன். அவ்வாண்டு பாடசாலை நடந்த நாட்களில் பாதிக்குமேல் அவன் வரவில்லை. அதற்கு முந்திய ஈராண்டு, கொள்ளைநோய்க் காலத்தில், இணையவழியில் நாங்கள் நடத்திய வகுப்புகளில் அவன் முகம் ஒருமுறையும் தோன்றியதில்லை. முன்னேற்ற அறிக்கையில் அவன் பெயருக்கு எதிரே, “கல்வியில் அக்கறையில்லை” என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அழகான எழுத்தில் எழுதியிருந்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

அவன் கையில் தடி இல்லை. ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தங்கூசி சுற்றியிருந்தது. நுனியில் ஓர் ஈயக்கட்டி, அதற்குக் கீழே முள். தகரப்பேணி ஒன்றில் உயிருள்ள இறால்கள் துள்ளின. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆசிரியனை மாணவன் சந்திக்கக்கூடாத இடம் என்று எனக்குள் ஏதோ ஒன்று சொல்லிற்று. அவனுக்கும் அப்படித் தோன்றியிருக்கவேண்டும். மூன்று நாளாக என்னைக் கண்டும் பாலத்தூணின் மறைவிலே இருந்ததாகப் பிறகு சொன்னான். என் அறியாமையைப் பார்த்துப் பொறுக்கமுடியாமலே வெளியே வந்திருக்கிறான்.

அன்றிலிருந்து பாடம் தொடங்கியது. நீர் ஏறும் வேளையில் ஒன்று, இறங்கும் வேளையில் ஒன்று என்று மீனுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஏற்றமும் இறக்கமும் மாறும் இடைவேளையில் ஆறு கொஞ்சநேரம் மூச்சுவிடாமல் நிற்கும். அப்பொழுதுதான் பெரிய மீன் வாய் திறக்கும். பாலத்தூணுக்குப் பின்னால் நீர் சுழித்துத் திரும்பும் மடியிலே சிறுமீன்கள் ஒதுங்கும். அவற்றைத் தேடிக் கொடுவா வரும். நூலைத் தடியில் கட்டாமல் சுட்டுவிரலில் ஏந்தவேண்டும். கெளிறு கொத்தினால் இழுவை முரட்டுத்தனமாயிருக்கும். மணலை தொட்டுவிட்டுப் போகும். கொடுவாவோ முதலில் ஒன்றும் செய்யாது; நூல் சற்றுப் பாரமாகும், அவ்வளவுதான். அந்தப் பாரத்தை உணர்கிறவனே மீனவன். இவற்றையெல்லாம் அவன் ஒரு நாளும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. நான் பிழை செய்யும்போது, அந்தப் பிழைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் சொன்னான். நல்லாசிரியனின் இலக்கணம் இதுவென்று பயிற்சிக் கலாசாலைகளில் விரிவுரை செய்கிறார்கள்.

யப்பான் மீன் என்று எங்கள் ஊரில் அழைக்கப்படும் திலாப்பியா எனக்கு முதலில் அகப்பட்டது. ஆபிரிக்க நீர்நிலைகளுக்கு உரிய அந்த மீன் 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ஏழைகளின் கறிச்சட்டியில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. உள்ளங்கை அளவு மீன். அன்று இரவு விறகடுப்பில் அது வெந்தபோது, என் சிறுமகள் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பல்கலைக்கழக நாட்களில் ஆங்கிலத்தில் தூண்டில் இலக்கியம் என ஒரு வகை உண்டென்று அறிந்து சிலவற்றைப் படித்திருக்கிறேன். ஐசாக் வால்ற்றன் என்பவர் 1653இல் எழுதிய நூல் அவற்றுள் புகழ்பெற்றது. உள்நாட்டு யுத்தத்தால் இங்கிலாந்து புண்பட்டிருந்த காலத்தில் ஆற்றங்கரை அமைதியைப் பேசிய நூல் அது. அமெரிக்க ஆறுகளில் சிறுவாய்ப் பாஸ் என்றொரு மீன் உண்டு. கல்லும் ஓட்டமும் நிறைந்த நீரில் வாழ்வது. உருவத்தை மிஞ்சிய போர்க்குணம் உடையது. ஹென்ஷல் என்ற மருத்துவர் 1881இல் அந்த இன மீன்களுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். இன்று அங்கே அதைப் பிடிப்போர் பலர், சற்றுநேரம் கையில் வைத்து மகிழ்ந்து மீண்டும் ஆற்றில் விட்டுவிடுகின்றனர். அது நல்ல பண்பென்றே நான் எண்ணுகிறேன். ஆற்றின் வளத்தை அது காக்கும். எங்கள் நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீன்முட்டைகளைக் கொணர்ந்து நுவரெலியாவின் குளிரோடைகளில் வளர்த்தார்கள். தோட்டத்துரைமார் ஓய்வுநாளில் தூண்டில் போடுவதற்காக அந்த ஓடைகள் பேணப்பட்டன. அதே ஓடைகளின் கரைகளில் கொழுந்து பறித்தவர்களுக்குத் தூண்டிலும் இல்லை, ஓய்வும் இல்லை.

பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவனும் பிழைப்புக்காக மீன் பிடிப்பவனும் ஒரே கரையில் ஒரே நீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இருவரும் காண்பது ஒரே ஆறு ஆகாது. நான் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன்? சம்பளம் வரும் தைரியத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு நாள் மீன் கிடைக்காவிட்டால் எனக்கு ஏமாற்றம். அவனுக்கு அது வேறு விடயம். இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது இரண்டாம் வாரத்தில்.

அன்று நீர் ஏறி நின்ற நேரம். என் விரலில் நூல் பாரமாயிற்று. அவன் சொன்னபடியே மூன்று எண்ணும்வரை பொறுத்து, இழுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இயலாது. நூல் விரலை அறுத்தது. பாலத்தூணுக்கு அப்பால் வெள்ளிப் பலகையொன்று நீரிலிருந்து எழுந்து, தலையை உதறி, மறுபடி விழுந்தது. “விடுங்க சேர், விடுங்க, இப்ப இழுங்க!” என்று கத்திக்கொண்டே அவன் இடுப்பளவு நீரில் இறங்கிவிட்டான். பக்கத்தில் இருந்த சிங்கள முதியவர் ஒருவர் தம் நூலை விட்டுவிட்டு ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், கரை வழுக்கியது. எவ்வளவு நேரம் சென்றதோ, கொடுவா மணலில் கிடந்தது. ஆவலோடு அதன் செவுளைப் பிடித்த என் உள்ளங்கை கிழிந்தது. கொடுவாவின் செவுள் மூடி கத்தியைப் போன்றது என்ற பாடத்தை மட்டும் அவன் சொல்ல மறந்திருந்தான். முதியவர் சிரித்துக்கொண்டே தம் சாரத்தின் விளிம்பைக் கிழித்து என் கையைக் கட்டினார். மோதா, மோதா என்று சிங்களத்தில் மீனின் பெயரைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

நாலு கிலோவுக்குக் குறையாத மீன். என் மனம் உடனே வீட்டுக்குப் பறந்தது. அயலவருக்குக் கொடுக்கலாம், மேல்மாடி லிகிதருக்கு ஒரு துண்டம், சைக்கிளுக்கு நன்றியாகவும் இருக்கும். அவன் மீனைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

“வித்துருவமா சேர்?”

விற்றோம். ஹேந்தலைப் பக்கமிருந்து வந்த வியாபாரி ஒருவன் வாங்கினான். எடைக்கும் விலைக்கும் கணக்கை அவன் பேசி முடிக்குமுன் என் மாணவன் வாயால் சொல்லிவிட்டான். ஐம்பது கிராமுக்கு உரிய பணத்தைக்கூட விடவில்லை. கணிதத்தில் அவனுக்குக் கிடைத்த புள்ளி பன்னிரண்டு என்பது எனக்கு நினைவு வந்தது. பணத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நீட்டினான். நான், “வேண்டாம் தம்பி, நீயே முழுவதையும் வைத்துக்கொள்” என்றேன். பெருந்தன்மையுடன் சொன்னதாகவே அப்பொழுது நினைத்தேன்.

அவன் முகம் இருண்டது. “அப்ப நான் பிச்சையா எடுக்குறேன் சேர்?”

அந்த வார்த்தைக்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. உழைப்பவரின் தன்மானம் பற்றி மேடைகளில் பேசியிருக்கிறேன், சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறேன். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் பங்கைத் தன் பங்காகவே பெற விரும்புகிறான் என்பது எனக்கு விளங்கவில்லை. என் இரக்கம் அவனை என் கூட்டாளி என்ற நிலையிலிருந்து இறக்கிவிட்டது. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டேன். அவன் முகம் தெளிந்தது.

அதன்பின்னரே அவன் வீட்டு நிலையைச் சொன்னான். தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமி. நான்காம் குறுக்குத்தெருவில் அரிசி, வெங்காய மூட்டைகளை முதுகில் சுமப்பவர். மூட்டை வந்தால் கூலி. டொலர் இல்லாததால் மூட்டை வரவில்லை. தாய் முன்பே காலமாகிவிட்டாள். ஒரு தங்கை, ஓர் அப்பாயி. கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டில் கைத்தொலைபேசி ஒன்றே இருந்தது. அதையும் தகப்பன் வேலை தேடக் கொண்டுபோவார். இணையவழி வகுப்பில் அவன் தோன்றாத காரணம் அவ்வளவுதான். 2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் நாங்கள் மாதக்கணக்காக இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். அந்தப் போராட்டம் நியாயமானது. இன்றும் அப்படியே சொல்வேன். ஆனால் நாங்கள் நிறுத்தியதும் தொடங்கியதும் இரண்டுமே தெரியாத வீடுகள் எங்கள் பாடசாலையைச் சுற்றியே இருந்தன. அவற்றின் கதவைத் தட்ட எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாலை அவன் வீட்டுக்குப் போனேன். முகத்துவாரத்தில், இரு பக்கமும் தகரச்சுவர் நெருங்கும் ஒரு தோட்டம். கொழும்பிலே சேரிக்குத் தோட்டம் என்று பெயர் வந்தது விந்தைதான். அப்பாயி வாசலில் அமர்ந்து கெளிறு ஆய்ந்துகொண்டிருந்தார். “வாத்தியார் ஐயாவா? உக்காருங்க” என்றார். பழைய மஸ்கெலியாவைச் சேர்ந்தவர். 1969இல் மவுசாக்கலை அணைக்கட்டு நிறைந்தபோது அந்தப் பழைய நகரம் நீருக்குள் போயிற்று. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அங்கிருந்த பழைய கோயில் இன்னும் தலைகாட்டும். அப்பொழுது அவருக்கு வயது பன்னிரண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த குடும்பம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் மூட்டைகளைப்போல் பங்கிடப்பட்டனர். அண்ணன் இந்தியப் பங்கில் விழுந்து கப்பலேறினான். தங்கை இலங்கைப் பங்கில் நின்று, கொழும்புக்கு வீட்டுவேலைக்கு வந்தாள்.

“எங்க ஊரு தண்ணிதான் ஐயா இது” என்று அவர் ஆற்றுப்பக்கம் கைகாட்டினார். “ஊர முழுங்குன தண்ணி, இங்கன வந்து பேரனுக்கு மீன் குடுக்குது.”

மஸ்கெலி ஓயா களனியின் கிளையாறு என்பதைப் புவியியலில் நானும் படித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்னது என் புத்தகத்தில் இருக்கவில்லை.

அவனுக்கும் எனக்கும் ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. இலவசமாய் எதையும் அவன் ஏற்கமாட்டான் என்பதால் பண்டமாற்று என்று வைத்துக்கொண்டோம். அவன் தூண்டில் கற்பிப்பான். நான் பாடம் கற்பிப்பேன். நீர் மாறுவதற்குக் காத்திருக்கும் நேரமே வகுப்புநேரம். முதலில் எங்கள் நெய்தற் பாடல்களைச் சொன்னேன். மீன் உணங்கலைக் கடற்பறவை கவராமல் காத்திருக்கும் பெண்ணைப் பற்றியும், பரதவர் வலையைப் பற்றியும் சொன்னேன். இரங்கல் உரிப்பொருள், எற்பாடு சிறுபொழுது என்று வகுப்பில் எழுதிப்போடும் குறிப்புகளை அவனிடமும் ஒப்புவித்தேன். கவனமாய்க் கேட்டுவிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டான்:

“அந்தக் கருவாட்ட அந்தப் பொண்ணு யாருக்கு சேர் விக்கும்? என்ன வெல?”

நான் சற்றுத் திகைத்தேன். பிரிவாற்றாமையையே எழுதி எழுதிப் பட்டம் பெற்றவன் நான். பின்னர் யோசித்தபோது, பாடல்களே அதற்கு விடை வைத்திருக்கின்றன என்பது நினைவு வந்தது. உப்பைக் கொடுத்து நெல் வாங்கும் மாற்று, மீனைக் கொடுத்து நெல் பெறும் மகளிர் எல்லாம் சங்கப் பாடல்களில் உண்டு. அவற்றை நான் பரீட்சைக்கு வராத பகுதி என்று தாண்டிவந்திருந்தேன். பழந்தமிழ் இலக்கியத்தை மக்கள் வாழ்க்கையோடு இணைத்துப் படிக்கவேண்டும் என்று கைலாசபதி முதலிய பெரியோர் எங்களுக்குக் கற்பித்தது இதைத்தான். ஆற்றங்கரையில் ஒரு நாட்டாமியின் மகன் கேட்டபிறகே எனக்கு அது பாடமாயிற்று.

ஜூலை 9ஆம் திகதியைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்று நாடெங்குமிருந்து மக்கள் புகையிரதங்களிலும் லொறிகளிலும் கொழும்புக்கு வந்தனர். ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். நானும் காலிமுகத்திடலில் நின்றேன். அந்த நாளின் உவகையை நான் மறைக்கமாட்டேன். என் தலைமுறை அப்படியொரு மக்கள் வெள்ளத்தைக் கண்டதில்லை. அடுத்தநாள் ஆற்றுக்குப் போய், “நேற்று நீ எங்கே?” என்று கேட்டேன்.

“இங்கதான் சேர். எல்லாரும் போராட்டத்துக்குப் போயிட்டாங்க. கரை முழுக்கக் காலி. நல்ல எடமாப் புடிச்சி மூணு கிலோ எடுத்தேன்.”

எனக்கு முதலில் சினம் வந்தது. வரலாறு நடக்கும்போது தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவன் தங்கை அன்று வயிறாறச் சாப்பிட்டாள் என்பதும் நடந்த நிகழ்ச்சிதானே. அந்த மாபெரும் நாளில் கலந்துகொள்ளக்கூட ஒரு நாள் கூலியை இழக்கும் வசதி வேண்டும். அந்த வசதியற்றவர்களை நோக்கி எந்த இயக்கம் நடந்துபோகிறது என்பதுதான் கேள்வி. அவர்கள் வரவில்லையே என்று திடலில் நின்று குறைகூறுவதால் பயனில்லை. ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கடல் அமைதியடைந்தபின்னும் முகத்துவாரத்து வள்ளங்கள் பல மணலிலேயே கிடந்தன. இதைச் சொல்வது போராட்டத்தைப் பழிப்பதற்காக அன்று. அது பாதிவழியில் நின்றுவிட்டது என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

ஜூலை 25இல் பாடசாலைகள் திறந்தன. முதலில் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும். “நீ வரவேண்டும்” என்றேன். “நான் வந்தா வீட்டுல மூணு பேரு என்ன செய்றது சேர்?” என்றான். இம்முறை நான் பணம் தருகிறேன் என்று சொல்லவில்லை. சக ஆசிரியர்கள் இருவரோடு பேசினேன், அதிபரோடும் பேசினேன். அவன் ஒருவனுக்காகப் பேசப்போய், அந்தத் தரத்தில் அவனைப்போல் பதினொருவர் இருப்பதைக் கண்டோம். ஒருவன் தேநீர்க்கடையில் கோப்பை கழுவினான். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். இன்னொருவன் எரிபொருள் வரிசையில் பிறருக்காக இடம்பிடித்து நின்றான். அவர்கள் எல்லோருடைய அறிக்கைகளிலும், வெவ்வேறு கையெழுத்துகளில், ஏறக்குறைய ஒரே வாக்கியம் எழுதப்பட்டிருந்தது. மாலையில் ஒரு வகுப்பைத் தொடங்கினோம். பெற்றோர் சிலர் சேர்ந்து அரிசியும் பருப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சினர். மீன் கிடைத்த நாளில் என் மாணவன் மீன் கொண்டுவந்தான், தன் பங்காக.

இதை ஒரு வெற்றிக்கதையாக முடிக்க எனக்கு உரிமை இல்லை. பதினொருவரில் நால்வர் இடையில் நின்றுவிட்டனர். அவன் 2024 மே மாதம் நடந்த சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றினான்; கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியடைந்தான். உயர்தரம் படிக்கவில்லை. இப்பொழுது பேலியகொடை மீன்சந்தையில் இரவுவேலை செய்கிறான். பெட்டிகளுக்கு ஐஸ் நிரப்புவதோடு முதலாளிக்குக் கணக்கும் எழுதுகிறான். தங்கை எங்கள் பாடசாலையில் படிக்கிறாள். அவளை உயர்தரத்துக்கு அனுப்புவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். ஒருவன் படிப்பை நிறுத்தினால்தான் மற்றொருத்தி படிக்கலாம் என்ற கணக்கை எழுதியது யார்? அவனோ அவளோ அல்லர். நாங்கள் கொண்டாடும் இலவசக் கல்வி, புத்தகமும் சீருடையும் தருகிறது. பிள்ளை படிக்கும் நேரத்தில் வீட்டில் உலைவைக்க வழி தரவில்லை. அந்த வழியைத் தராத ஒரு சமூகம், “அக்கறையில்லை” என்ற சொல்லைப் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதுவது எளிதென்று கண்டுகொண்டிருக்கிறது. எழுதும் பேனாவை எங்கள் கையில் தந்திருக்கிறது.

நான் இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டக்குளிக்குப் போகிறேன். சைக்கிளை லிகிதரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பஸ்ஸில் போகிறேன். என் சாரக் கட்டுக்காரச் சிங்கள முதியவர் அங்கே இருந்தால், தேநீர் பகிர்ந்துகொள்வோம். உள்ளங்கையில் கொடுவா விட்டுச்சென்ற வடு இருக்கிறது. வெண்கட்டி பிடிக்கும்போது சில வேளை அது உறுத்தும்.

காலையில் வரவு இடாப்பை எடுத்துப் பெயர்களை வாசிக்கிறேன். ஒரு பெயருக்கு மறுமொழி வராவிட்டால் முன்பெல்லாம் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன். இப்பொழுது பேனாவை வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்துக் கேட்கிறேன்: “அவன் எங்கே வேலை செய்கிறான் என்று யாருக்காவது தெரியுமா?” பெரும்பாலும் யாராவது ஒருவர் கை உயர்த்துகிறார். பாடசாலை விட்டதும் அந்த இடத்தை நோக்கி நடக்கிறேன்.